ஒரு விரல் உயரம்

"பதிமூணு வாரம் ஆச்சு டீச்சர். மொத வாரம் எம்புட்டு எந்திரிச்சேனோ, இன்னிக்கும் அம்புட்டுத்தான். ஒரு விரல். அதுக்கு மேல நூலளவுகூட ஏறல."

டீச்சர் கோரைப் பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். தூசி தட்டினாள்.

"நான் கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்ப?"

"ஞாயித்துக்கிழமை பாய் தட்டணும்."

பாயைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள்.

கேட்டவர் துரைக்கண்ணு. வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடம் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றவர், நிற்கிற வீட்டில் விழுந்தார்.

டீச்சர் ஜெசிந்தா. வயது இருபத்தேழு. திண்டுக்கல்லில், மூடிக் கிடந்த தோல் மண்டி ஷெட் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்வாள். அந்த ஒன்றும் சில சமயம் பாயைப் பற்றியதாக இருக்கும்.

அவர் விழுந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. ஹவுசிங் போர்டு வீட்டின் குளியலறை. தரையில் சோப்புத் தண்ணீர். பஸ் படிக்கட்டிலேயே தேய்ந்துபோன இடது முட்டி மக்கர் செய்தது.

துரைக்கண்ணு உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். கால் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கழிப்பறைப் பீங்கான். புரள இடமில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் வரப்பு. குளிக்கிற தண்ணீர் வெளியே ஓடாமல் இருக்க வீடு கட்டும்போதே போட்டது. ஒரு விரல் உயரம்தான். அதைத் தாண்டினால் கதவு. உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள்.

இரண்டு கையையும் தரையில் ஊன்றி எழும்பப் பார்த்தார்.

உடம்பு அசையவில்லை.

மறுபடி ஊன்றினார்.

அறுபத்தெட்டு கிலோ. அது தன் உடம்புதான் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. யாரோ தன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

கத்தினார். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. மிக்ஸி நின்றதும் டி.வி. ஓடியது. பிறகு அவருக்குக் குரல் போய்விட்டது. போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. அது நாலு தடவை அடித்து ஓய்ந்தது.

பால் பாக்கெட் வாசலிலேயே கிடக்கிறதே என்று, எதிர்வீட்டு நஜ்முன்னிசா பகல் பன்னிரண்டே முக்காலுக்கு வந்து கதவைத் தட்டினார். அவர் குரல் கொடுத்துத்தான் ஆள் கூடியது. வாசல் கதவை ஆட்கள் உடைத்தார்கள். குளியலறைத் தாழ்ப்பாளை நஜ்முன்னிசாவே அம்மிக் குழவியால் உடைத்தார்.

ஆறேகால் மணி நேரம். ஒரு விரல் உயர வரப்பு.

எலும்பு எதுவும் முறியவில்லை. "நல்ல வேளை" என்றார் டாக்டர். துரைக்கண்ணுவுக்குக் கோபமே அதில்தான். முறிந்திருந்தால் எழ முடியாததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

ஓசூரிலிருந்து மகள் வளர்மதி ஓடிவந்தாள். அழுதாள். அழுது முடித்ததும் முடிவைச் சொன்னாள்.

"சித்திரை பொறந்ததும் வர்றேன். வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துருங்க."

"நான் இங்கயே இருக்கேன்மா."

"இன்னொரு தடவை விழுந்தா?"

துரைக்கண்ணு தரையைப் பார்த்தார்.

"விழுந்து நீங்களா எந்திரிச்சிருவீங்கன்னா சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

வளர்மதி இதை ஆத்திரத்தில் சொன்னாள். துரைக்கண்ணு இதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார்.

ஓசூரில் மகள் வீடு ஆறாவது மாடி. போன முறை போயிருந்தபோது, அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மருமகனும் எழுந்து பின்னாலேயே வந்தார். பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் தன்னை லக்கேஜ் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. எத்தனையோ லக்கேஜுக்கு டிக்கெட் கிழித்தவர். லக்கேஜ் பேசாது, இறங்கவேண்டிய இடத்தையும் அது முடிவு செய்யாது என்பது அவருக்குத் தெரியும்.

முட்டிக்கு மாத்திரை கொடுத்தார்கள். கைக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஷெட்டில் பிள்ளைகள் கையாலேயே நடக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் ஜெசிந்தாவிடம் வந்தார்.

"எனக்கு எந்திரிக்கச் சொல்லிக்கொடுக்கணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"எப்படி விழுந்தீங்க?"

"வழுக்கித்தான்."

"உக்காந்து காட்டுங்க."

ஷெட் தரையில், பிள்ளைகள் ஓடிவந்து குதிப்பதற்காக ஒரு வெள்ளை வட்டம் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் ஊன்றினார்.

டீச்சர் ஒரு ஆணியை எடுத்துவந்தாள். அவர் குதிகாலுக்கு நேராகத் தரையில் ஒரு கோடு கிழித்தாள்.

"வரப்பு எம்புட்டு உசரம்?"

துரைக்கண்ணு சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட் கட்டை எடுத்தார். மெஷின் வருவதற்கு முந்திய காலத்துக் கட்டு. ஓய்வு பெற்ற அன்று டிப்போக்காரர்கள் நினைவாகக் கொடுத்தது. அதைத் தரையில் படுக்க வைத்தார்.

"இம்புட்டு."

"கட்டு உங்களுக்கு அடியில போகணும்," என்றாள் டீச்சர்.

"போனா?"

"போனா வரப்பைத் தாண்டலாம்."

துரைக்கண்ணு ஊன்றினார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கட்டு அல்ல, அதில் உள்ள ஒரு டிக்கெட்கூடப் போகாது.

"ஒரு விரலுக்கு இந்தப் பாடா?" என்றார். "இது யாராலதான் முடியும்?"

அப்போது டீச்சரின் போன் அடித்தது. சிலிண்டர் போடுகிறவர், வழி தெரியவில்லையாம்.

டீச்சர் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரை அமுக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். எழும்பினாள்.

முழு உடம்பும் அந்தரத்தில் இருந்தது. நீட்டிய காலும் அந்தரத்தில் இருந்தது. தரையில் இருந்தவை இரண்டு கை மட்டும்.

"பெரிய தோல் மண்டி தாண்டுனதும் இடப்பக்கம்ணே. இல்ல, அது டீக்கடை. அதுக்கு முந்தி."

சிலிண்டர்காரர் டீக்கடைக்கே போய்விட்டார். டீச்சர் திரும்ப முதலிலிருந்து வழி சொன்னாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அவர் ஷெட் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்த பிறகுதான் இறங்கினாள்.

துரைக்கண்ணுவின் வாய் திறந்தபடியே இருந்தது. பிள்ளைகளில் ஒருத்தி அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டார்.

"எல்-சிட்."

கண்டக்டருக்கு அது எல் போர்டு என்று கேட்டது. வண்டி பழகுகிறவர்கள் மாட்டுகிற போர்டு. சரி, நமக்குப் பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"முட்டிய மடக்குங்க," என்றாள் டீச்சர்.

மடக்கினார்.

"இன்னும்."

"மூக்குல இடிக்குது."

"இடிக்கட்டும்."

காலை அப்படிக் கிட்டே மடக்கி வைத்தால் பாதி பாரத்தைக் கால் வாங்கிக்கொள்ளும். மீதி மட்டும் கைக்கு. டீச்சர் கோரைப் பாயை இழுத்து, அதன் ஓரம் அவர் குதிகாலில் படும்படி போட்டாள். ஆணிக் கோடு பாய்க்கு அடியில் மறைந்துவிட்டது.

"குதிகால் பாயோட ஓரத்துல. எப்பவும் பாயோட ஓரத்துல."

ஊன்றினார். கண் பிதுங்கியது.

"மூச்சு எங்க?" என்றாள் டீச்சர்.

"உள்ளதான் இருக்கு."

"உள்ள வச்சு என்ன செய்யப்போறீங்க?"

மறுநாள், "விசில் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எந்தக் கண்டக்டர் விசிலைத் தூக்கிப் போட்டார்? எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. முப்பத்திரண்டு வருடம் அவர் வாயில் இருந்தது இந்த இரண்டு வார்த்தைதான்.

"வாயில வைங்க. ஊதக் கூடாது. மூச்சு மட்டும் விடுங்க. சத்தம் நின்னா இறங்கிருங்க."

ஊன்றினார். விசிலில் மெல்லிய சத்தம் வந்தது. அதற்குள் பட்டாணி உருள்வதுகூடக் கேட்டது. சத்தம் நின்றது, இறங்கினார். மறுபடி ஊன்றினார்.

ஆறாம் நாள் டிக்கெட் கட்டு அவருக்கு அடியில் போனது. டீச்சர் ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் எடுத்தாள்.

துரைக்கண்ணு அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ அல்வா வாங்கினார். பாதியை நஜ்முன்னிசாவிடம் கொடுத்தார். என்ன விசேஷம் என்று அவர் கேட்டார். ஒரு விரல் எழும்பினேன் என்றார் இவர். நஜ்முன்னிசா அல்வாவை வாங்கிக்கொண்டு மேலே எதுவும் கேட்கவில்லை.

அதோடு சரி. அந்த ஒரு விரலுக்கு மேல் அவர் ஏறவே இல்லை.

தினமும் வந்தார். வட்டத்தில் உட்கார்ந்தார். குதிகாலைப் பாயின் ஓரத்தில் வைத்தார். விசிலை வாயில் வைத்து எழும்பினார். டீச்சர் கட்டைத் தள்ளினாள்.

"போகுதா?"

"போகுது."

"அப்ப சரி."

ஐந்தாம் வாரமும் அப்ப சரி. ஒன்பதாம் வாரமும் அப்ப சரி. ஏழு வயது ரிஹானா வந்த மூன்றாம் வாரத்தில் தலைகீழாக நின்றாள். அடுத்த மாதம் தலைகீழாக நின்றபடி திருக்குறள் சொன்னாள். துரைக்கண்ணு மட்டும் ஒரு விரல்.

எழும்பும்போதெல்லாம் அவர் கண் ஒரே இடத்தில்தான் இருக்கும். கழுத்தை ஒடித்துக் குனிந்து, தன் பின்புறத்துக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் சந்தைப் பார்ப்பார். இன்று கட்டுக்கு மேலே கொஞ்சம் இடம் மிஞ்சுகிறதா? மிஞ்சாது. சில நாள் கட்டு உரசிக்கொண்டே போகும். அவருக்கு அழுகை வரும். அறுபத்தொரு வயதில், பிள்ளைகள் நடுவே, ஷெட்டில் உட்கார்ந்து அழுவது நன்றாக இருக்காது. வியர்வையைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் டீச்சர் பாய் தட்டுவாள்.

இப்போது பதிமூன்றாவது ஞாயிறு. சித்திரை பிறந்துவிட்டது.

"பொதங்கிழமை மக வர்றா," என்றார் துரைக்கண்ணு. "பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் போட்டுட்டாளாம். நான் போகவா, இருக்கவா? ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். பொய்யானாலும் பரவால்ல."

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"குதிகால்."

பாயின் ஓரத்தில் வைத்தார்.

"விசில்."

எழும்பினார். விசில் மெல்ல ஓடியது. டீச்சர் கட்டைத் தள்ளினாள். ஆனால் மறுபக்கம் எடுக்கவில்லை. அங்கேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

எழுந்துபோய்ப் பாயைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"முட்டி எங்க?" என்று கேட்டாள்.

துரைக்கண்ணு நிமிர்ந்து முட்டியைத் தேடினார். மூக்குக்கு முன்னால் இல்லை. நெஞ்சுக்கு முன்னாலும் இல்லை. முட்டி அங்கே கீழே, தரையோடு தரையாக இருந்தது. கால் இரண்டும் பலகை போல நீண்டிருந்தன. அந்தக் கோடியில் பாதம். பாதத்தின் கட்டை விரல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வாரத்தில் அவர் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

குதிகாலுக்கு நேரே தரையில் ஒரு கோடு தெரிந்தது. ஆணியால் கிழித்த கோடு.

விசில் நின்றது.

துரைக்கண்ணு டிக்கெட் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இது," என்றார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இது நான் மொத நாள் வந்து காமிச்ச..."

"ம்."

"விழுந்து கிடந்தப்ப கால் கிடந்த இடம்."

"ம்."

"பாயை எப்ப நகத்துனீங்க?"

"ஞாயித்துக்கிழமை பாய் தட்டணும்ல."

துரைக்கண்ணு தன் காலைத் தொட்டுப் பார்த்தார். தன்னுடையதுதான். கையைத் திருப்பிப் பார்த்தார். அதுவும் தன்னுடையதுதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் ராத்திரியெல்லாம் எப்படித் தவிச்சேன் தெரியுமா?"

"நீங்க டிக்கெட்டைத்தான பாத்துட்டு இருந்தீங்க," என்றாள் டீச்சர்.

"அப்ப நான் எந்திரிச்சிருவேன். வரப்பைத் தாண்டிருவேன். அப்படித்தான?"

டீச்சர் பாயைச் சுருட்டினாள்.

"இது காஞ்ச தரை," என்றாள்.

அவர் காத்திருந்தார். அவள் ரிஹானாவின் முழங்கையைத் திருத்தப் போய்விட்டாள்.

புதன்கிழமை மாலை வளர்மதி வந்தாள். திண்டுக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம் ஒரு பூட்டு வாங்கியது. நல்ல மாங்காய்ப் பூட்டு. அதை ஹால் மேஜைமேல் வைத்தாள். அப்பாவின் சட்டைகளைப் பையில் அடுக்கினாள். கேஸை அணைத்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள்.

"எட்டரைக்கு வண்டிப்பா. கிளம்புங்க."

"பாத்ரூம் போய்ட்டு வந்துர்றேன்."

"கதவைச் சும்மா சாத்துங்க. தாழ்ப்பாள் போடாதீங்க."

துரைக்கண்ணு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்.

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உடைந்ததன் இடத்தில், அதே உயரத்தில் அவரே புதிதாக மாட்டியது.

"அப்பா!"

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். ஒரு மக். இரண்டு மக்.

பிறகு சோப்பு டப்பா உருளும் சத்தம். அதோடு சேர்ந்து தொப்பென்று ஒன்று.

வளர்மதிக்கு உயிரே போய்விட்டது.

"அப்பா! அப்பா! என்னாச்சு? பேசுங்கப்பா!"

பதில் இல்லை. கதவைத் தோளால் இடித்தாள். தட்டினாள். கை வலிக்கத் தட்டினாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு நஜ்முன்னிசா ஓடிவந்தார். கையில் அதே அம்மிக் குழவி.

"தள்ளும்மா. உடைச்சுடறேன்."

ஓங்கிவிட்டார்.

"இருங்க," என்றாள் வளர்மதி. "அது என்ன சத்தம்?"

இருவரும் காதைக் கதவில் வைத்தார்கள். மெல்லிய சத்தம் ஒன்று. சீராக வந்து, நின்று, மறுபடி வந்தது.

"கேஸ் கசியுதா?" என்றார் நஜ்முன்னிசா.

"அணைச்சுட்டேனே."

உள்ளே ஈரத் தரையில் கை வழுக்கியது. உடம்பு பொத்தென்று விழுந்தது. சத்தம் நின்றுவிட்டது.

வளர்மதி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல் வழியே இறங்கியது. நஜ்முன்னிசா குழவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓதத் தொடங்கினார்.

மறுபடி அந்தச் சத்தம் வந்தது. இந்தத் தடவை நீளமாக வந்தது. நிற்கவே இல்லை. உள்ளே ஏதோ சிறு பட்டாணி உருண்டது. ஒரு உள்ளங்கை நகர்ந்து பதிந்தது. இன்னொரு உள்ளங்கை நகர்ந்து பதிந்தது. பின்னால் சரிகிற ஈரத் துணியின் சத்தம்.

பிறகு எதுவும் இல்லை.

வளர்மதி கதவில் காதை அழுத்திக்கொண்டாள்.

இரண்டு விசில் அடித்தது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. துரைக்கண்ணு வரப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழுக்க ஈரம். முழங்கையில் சிராய்ப்பு. வாயில் விசில். கண் இரண்டும் அகன்றிருந்தன. மகளைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி அதிகம் என்று தோன்றியது.

"காமிக்கலாம்னு உக்காரத்தான் போனேன்," என்றார். "பாதியில முட்டி கைவிட்டுருச்சு. நெசமாவே விழுந்துட்டேன்."

வளர்மதி அவரைத் தூக்கக் குனிந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அப்படியே ஊன்றி ஊன்றிக் கட்டில்வரை நகர்ந்தார். கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றார்.

நஜ்முன்னிசா குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அல்வா இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

வளர்மதி குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். குழாய் அந்தக் கோடியில் இருந்தது. சுவரில் பிடிக்க ஒரு கம்பியும் இல்லை.

"எதைப் பிடிச்சுத் தாண்டுனீங்க?"

"எதையும் பிடிக்கல."

"பொய் சொல்லாதீங்கப்பா. ஒண்ணையும் பிடிக்காம எப்படி? சும்மா கைய ஊனியா? அது என்ன பெரிய விசயமா?"

"உக்காந்து பாரு," என்றார் துரைக்கண்ணு.

வளர்மதி தினமும் எட்டாயிரம் அடி நடக்கிறவள். கையில் கட்டியிருக்கும் வாட்ச் அதை எண்ணிச் சொல்லும். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஹால் தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கையை ஊன்றினாள்.

உடம்பு அசையவில்லை.

மறுபடி ஊன்றினாள். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பின்புறம் தரையை விட்டு ஒரு தாள் அளவுகூடக் கிளம்பவில்லை.

தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். தை மாதம் வியாழக்கிழமை காலை தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று துரைக்கண்ணு முதல்முறையாகத் தெரிந்துகொண்டார்.

"யாரோ மேல ஏறி உக்காந்திருக்க மாதிரி இருக்குப்பா."

"ம்."

"எனக்கு முப்பத்தஞ்சு வயசுதானே ஆகுது."

"ம்."

துரைக்கண்ணு வாசலில் கிடந்த கால்மிதியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் போட்டார்.

"முட்டிய மடக்கு."

மடக்கினாள்.

"இன்னும்."

"மூக்குல இடிக்குதுப்பா."

"இடிக்கட்டும். குதிகாலை இதோட ஓரத்துல வை."

வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஏழரை. மேஜைமேல் பூட்டு இருந்தது, சாவி அதிலேயே தொங்கியது.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணணும்," என்றாள். "ஒண்ணா, ரெண்டா?"

துரைக்கண்ணு விசிலைக் கழுவி, துண்டில் துடைத்து, அவளிடம் நீட்டினார்.